விரிப்பின் அடியில்

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஓர் ஆனி மாத இரவில் என் தகப்பனாரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அவருக்கு மூச்சுத்திணறல். லயத்து வாசலில் மச்சானின் பிக்கப் வாகனம், எங்கள் பக்கத்து வழக்கில் சொன்னால் ‘கெப்’, இயந்திரம் ஓடியபடி நின்றது. நானும் மச்சானும் அவரைத் தாங்கிப் பிடித்து முன்கதவண்டை கொண்டுவந்தோம். ஏறுவதற்கு முன் அவர் நின்றார். ஒவ்வொரு காலாகச் செருப்பைக் கழற்றினார். குனிய முடியாத நிலையிலும் குனிந்து அவற்றைக் கையில் எடுத்துக்கொண்டார். அதன் பிறகுதான் ஏறினார். ஆஸ்பத்திரி வாசல் வரையில் அந்த இரண்டு இறப்பர்ச் செருப்புகளும் அவர் மடியிலேயே இருந்தன.

“செருப்போட ஏறுங்க மாமா, ஒண்ணும் ஆகாது” என்று மச்சான் சொன்னது அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. விழுந்திருந்தாலும் பயன் இருந்திராது. உடம்பு தளர்ந்த பிறகும் தளராத பழக்கம் அது.

வாகனத்துக்குள் கிடக்கும் தேய்ந்துபோன ஒரு தரைவிரிப்பை மாற்றியதைப் பற்றி எழுத என்ன இருக்கின்றது என்று ஆசிரிய நண்பர்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் அந்த விரிப்பைக் கிளப்பிய மூன்று நாட்களில் நான் கற்றுக்கொண்டது, இருபது ஆண்டுகளாக வகுப்பில் நின்று கற்பித்ததை விடக் குறைவானதல்ல. ஆகவே எழுதுகின்றேன்.

எங்கள் தோட்டம் கேகாலை மாவட்டத்தில், தெஹியோவிட்டவிலிருந்து தெரணியகலைக்குப் போகும் பாதையை விட்டு விலகி, ஒரு மலைச்சரிவில் இருக்கின்றது. கீழே இறப்பர், மேலே தேயிலை. மலையகம் என்றதும் நுவரெலியாவையும் அட்டனையும் மட்டும் எண்ணுகின்றவர்கள், கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர் மர நிழலில் வாழும் தமிழ்த் தொழிலாளியை மறந்துவிடுகின்றார்கள். சிங்களக் கிராமங்களுக்கு நடுவே, ஒரு தோட்டத்துக்கும் அடுத்த தோட்டத்துக்கும் தொடர்பு குறைவாக, சிதறிக் கிடக்கும் சிறு கூட்டங்கள் நாங்கள். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் இம்மாகாணத்துத் தோட்டங்களை உலுக்கியபோது, எத்தனையோ குடும்பங்கள் மூட்டை கட்டிக்கொண்டு வன்னிக்குப் போயின. மீதி இருந்தவர்கள் அயல் கிராமத்துச் சிங்கள ஏழைகளின் நல்லெண்ணத்தை நம்பி இருந்தார்கள். அந்த நம்பிக்கை பல இடங்களில் பொய்யாகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1970களில் அரசுடைமையான தோட்டங்களின் நிர்வாகம் 1992ஆம் ஆண்டில் 22 கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து எங்கள் தோட்டத்துப் பெரிய துரைக்கென்று ஒரு கெப் வந்து சேர்ந்தது. ஜப்பானில் செய்தது, வெள்ளை நிறம். முன்னால் மூவர் அமரக்கூடிய ஒரே நீள ஆசனம். பின்னால் திறந்த பெட்டி. முன் அறையின் தரையில் கருஞ்சிவப்பு நிறத்தில் ஒரு விரிப்பு ஒட்டப்பட்டிருந்தது. அதற்கு முன் அப்படி ஒன்றை நாங்கள் கண்டதில்லை. எங்கள் காம்பராவில் தரை சாணம் மெழுகியது. துரை பங்களாவுக்குள் என்ன விரித்திருக்கின்றது என்று பார்த்தவர்கள் சமையல்காரரும் அப்புவும் மட்டுந்தான்.

அப்பா பால் வெட்டும் தொழிலாளி. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவார். ஏறத்தாழ 300 மரங்கள் அவர் பங்கு. இடமிருந்து வலமாகச் சரிந்திறங்கும் வெட்டில் மெல்லிய ஒரு சீவல் எடுக்க வேண்டும். கத்தி ஆழப்பட்டு மரத்தைக் காயப்படுத்தினால் அந்தப் பட்டை கெட்டுவிடும், பேரும் போய்விடும். வெட்டி முடித்து, சிரட்டைகளில் வடிந்த பாலை முற்பகலில் வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுத்துக் கொடுப்பார். அதன் பிறகு சில நாட்களில் அவருக்குப் பங்களாவில் வேலை இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் கெப்பைக் கழுவுவது அவ்வேலைகளுள் ஒன்று.

அவர் அந்த விரிப்பைச் சுத்தம் செய்யும் விதத்தைச் சிறுவனாக நின்று பார்த்திருக்கின்றேன். வெளியே தரையில் முழங்காலிட்டு, உடம்பை மட்டும் கதவுக்குள்ளே செலுத்தி, ஈர்க்குத் துடைப்பத்தால் மண்ணைத் தட்டித் தட்டி எடுப்பார். எட்டாத மூலையை எட்ட ஒரு கால் உள்ளே வைத்தால் போதும், வைக்கமாட்டார். மறுபக்கம் சுற்றிப்போய் அந்தக் கதவைத் திறந்து மறுபடியும் முழங்காலிடுவார். ‘கால் வைக்காதே’ என்று துரை ஒருநாளும் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

ஒரு மழைநாளில் இறப்பர் மலையில் என் அம்மாவைப் பாம்பு தீண்டிற்று. காய்ந்த இலைகளுக்கடியில் சுருண்டு கிடக்கும் குட்டைப் பாம்பு. எங்கள் தோட்டங்களில் அடிக்கடி நிகழ்வதுதான். அந்தக் கெப்பிலேயே அம்மாவைக் கொண்டுபோனார்கள். பின்பெட்டியில், உரமூட்டைகளின் மேல், ஒரு தார்ப்பாயின் கீழ். நானும் அப்பாவும் மழையில் நனைந்தபடி அந்தத் தார்ப்பாயின் முனைகளைப் பிடித்துக்கொண்டிருந்தோம். முன்னால் டிரைவர் மட்டும் இருந்தார். அவர் பக்கத்து ஆசனம் காலி. விரிப்பு சேறாகுமே என்று அவர் பயந்தார். அவரை நான் குறை சொல்லமாட்டேன், அவரும் கூலிக்காரர். அம்மா பிழைத்துவிட்டார். ஆனால் பின்கண்ணாடியூடாக நான் கண்ட அந்தக் காலி ஆசனம் இன்றும் என் கண்ணை விட்டு அகலவில்லை.

காலம் மாறிற்று. வாகனமும் கிழடாயிற்று. கம்பனி அதை விற்கப் போகின்றது என்று கேள்விப்பட்டபோது, என் தங்கை குவைத்திலிருந்து திரும்பியிருந்தாள். ஒன்பது ஆண்டுகள் பிறர் வீட்டுத் தரையைத் துடைத்துச் சேர்த்த பணத்தோடு, மச்சான் அங்கிங்கு புரட்டியதையும் சேர்த்து அந்தக் கெப்பை வாங்கினார்கள். தோட்டமே கூடி நின்று பார்த்தது. அன்று தங்கை தன் மகளை மடியில் வைத்துக்கொண்டு முன் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தாள். எதற்காக அழுகின்றாள் என்று குழந்தைக்குத் தெரியவில்லை.

அன்று முதல் அது தோட்டத்துப் பொதுவாகனமாயிற்று. மரக்கறி ஏற்றும், பந்தல் சாமான் ஏற்றும், திருவிழாவுக்குத் தப்பும் உறுமியும் ஏற்றும். 2016 மே 17ஆம் நாள் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவின் களுபஹன பகுதியில் ஒரு லயத்தையும் மண் விழுங்கிற்று. அடுத்த நாட்களில் எங்கள் கெப் அரிசியும் துணியும் ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது எங்கள் அம்புலன்ஸ். 1990 என்ற எண்ணுக்குச் சொன்னால் அரசின் அம்புலன்ஸ் பிரதான வீதி வரையில் விரைந்து வந்துவிடும். வீதி ‘காபட்’ போட்ட வீதி. ஆனால் அங்கிருந்து லயம் வரையில் உள்ள பாதை, வெள்ளைக்காரன் கல் அடுக்கிய காலத்துக்குப் பின் பெரிதாக எவர் கையும் படாதது. அந்தத் தூரத்தைக் கடக்க கெப்தான் வேண்டும்.

2020 மார்ச்சில் வெளிநாட்டுச் செலாவணி நெருக்கடியினால் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் நாடே கடன் கட்ட முடியாமல் கைவிரித்தது; எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசை நின்றோம். 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தபோதும், வரியோடு சேர்ந்த விலை எங்களைப் போன்றவர்கள் கேட்கவும் கூசும் விலையாக இருந்தது. எனவே கிழட்டு வாகனத்தைச் சாகவிடாமல் காப்பதே ஒரு கலையாகிவிட்டது. இந்நாட்டின் கராச்சுகளில் வேலை செய்யும் ஏழைத் தொழிலாளிகள் அக்கலையின் விற்பன்னர்கள்.

அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய சில வாரங்களில், நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியைக் கெப்பில் ஏற்றிப் போனார்கள். வழியிலேயே அவளுக்குத் தலை சுற்றி, வாந்தி வந்து, கண்கள் செருகிவிட்டன. பிரசவ வேதனை என்றே எல்லாரும் நினைத்தார்கள். கண்ணாடியை இறக்கி, இறங்கி நின்று காற்று வாங்கிய பின் தெளிந்தாள். தாயும் பிள்ளையும் நலம். அவளைக் கொண்டுபோன மச்சானும் அன்றிரவு முழுவதும் தலைவலியால் துடித்தார். மழைக்குக் கண்ணாடியைப் பூட்டி ஓட்டும் நாட்களில் மட்டும் இத்தலைவலி வருகின்றது என்று அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னபோதுதான் எனக்குச் சுரீரென்றது.

நான் விஞ்ஞான ஆசிரியன். எரிபொருள் முற்றாக எரியாதபோது காபனோரொட்சைட்டு உண்டாகும். நிறமும் மணமும் இல்லாத அவ்வாயு குருதியின் ஈமோகுளோபினோடு ஒட்சிசனைவிட இறுகப் பிணைந்து ஆளைக் கொல்லும் என்று ஆண்டுதோறும் சாதாரண தர வகுப்புக்குச் சொல்லி வருகின்றேன். டீசல் எஞ்சினில் அது பெற்றோல் எஞ்சினை விடக் குறைவுதான்; ஆயினும் அதன் புகையில் கரித்தூளும் நைதரசன் ஒட்சைட்டுகளும் சேர்ந்து பூட்டிய அறைக்குள் நிறையுமானால், தலைவலிக்கும் குமட்டலுக்கும் அதற்கு மேலும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. மூச்சுக்கு ஏங்கிய என் அப்பாவை அன்றிரவு நாங்கள் எந்த அறைக்குள் பூட்டி வைத்துக் கொண்டுபோனோம் என்று எண்ணியபோது எனக்கு உடல் நடுங்கிற்று. வகுப்பில் சொன்ன பாடம் வாசலில் நின்ற வாகனத்துக்குப் பொருந்தும் என்று இத்தனை நாளும் தோன்றாமல் போயிற்றே! படிப்பும் வாழ்வும் இப்படி வெவ்வேறு அறைகளில் வசிப்பது எங்கள் கல்வி முறையின் நோய் என்று பிறரைச் சொல்லி வந்த எனக்கே அந்நோய் இருந்தது.

கீழே சந்தியில் கராச் வைத்திருக்கும் சிங்களப் பெரியவரை எல்லாரும் ‘பாஸ்’ என்றே அழைப்போம். அவர் வாகனத்தின் அடியில் படுத்துப் பார்த்தார். புகைக்குழாயின் ஒரு மூட்டு விட்டுப்போயிருந்தது. அதை இறுக்கினார். பிறகு முன்கதவைத் திறந்து, விரிப்பின் மேல் கட்டைவிரலை ஊன்றி அழுத்தினார். தண்ணீர் ஊறி மேலே வந்தது. “மாஸ்டர், இதைக் கிளப்பாமல் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்” என்றார்.

பள்ளி விடுமுறை. எனவே நானும் கூட நின்றேன். முதலில் ஆசனத்தைக் கழற்ற வேண்டும். திருகாணிகள் துருவில் இறுகிப் போயிருந்தன. எண்ணெய் விட்டு ஓரிரவு காத்திருந்தோம். பிறகு கதவோரத் தகடுகள், ஆசனப்பட்டியின் அடியாணிகள், கியர் தண்டின் இறப்பர் உறை. எல்லாம் கழன்ற பின், விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துப் பாஸ் மெதுவாக உரித்தார். எழுந்த நாற்றத்தில் நாங்கள் பின்வாங்கினோம்.

நிறம் வெளுத்து, குதிகால் படும் இடத்தில் நூல் தெரியத் தேய்ந்திருந்த அந்த விரிப்பின் அடியில் தடித்த சணல் மெத்தை ஒன்று இருந்தது. அதைக் கையால் தொட்டதும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. கொழுந்து பறிக்கும்போது என் அம்மா இடுப்பில் கட்டியிருந்த படங்கு சாக்கும் இதே சணல்தான். மேலே நின்ற சப்பாத்துக்கு மெத்தென்று இருப்பதற்காக அது கீழே கிடந்து இத்தனை ஆண்டுகளாக ஈரத்தைக் குடித்திருக்கின்றது. அதற்குள்ளே அகப்பட்டவை: கறுத்துப்போன இரண்டொரு நாணயங்கள், ஒரு பேனா மூடி, எந்தக் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது கழன்றதோ, ஒரு கருவளையல்.

சணலையும் நீக்கினோம். முன் ஆசனத்தில் இருப்பவர் கால் வைக்கும் இடத்தில், இரண்டு உள்ளங்கை அகலத்துக்குத் தகடே இல்லை. துளையூடாகக் கீழே மண் தெரிந்தது. இவ்வளவு நாளும் நாங்கள் கால் வைத்திருந்தது தகட்டின் மேலல்ல, நைந்த ஒரு துணியின் மேல்.

“துரு வாகனத்தைத் தின்னவில்லை, மாஸ்டர், விரிப்புதான் தின்றிருக்கின்றது” என்றார் பாஸ். அவர் விளக்கிய காரணம் இது: முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள இறப்பர் வெயிலில் வெடித்து, மழைநீர் உள்ளே கசிந்திருக்கின்றது. கதவடித் துளைகள் இலையும் மண்ணும் சேர்ந்து அடைபட்டு, வழிந்தோட வேண்டிய நீர் தேங்கியிருக்கின்றது. வெறுந்தகடாக இருந்திருந்தால் ஈரம் அன்றே கண்ணில் பட்டிருக்கும், காய்ந்தும் இருக்கும். விரிப்பு அதை மறைத்தது. மறைத்ததோடு நில்லாமல் காக்கவும் செய்தது. மேலே தேய்ப்பும் துடைப்பும் நடக்க நடக்க, கீழே தகடு தாள் தாளாக உரிந்தது. என் அப்பா ஞாயிறுதோறும் முழங்காலிட்டுச் சுத்தம் செய்தது அந்த மேற்புறத்தை.

நண்பர்களே, இந்த இடத்தில் நான் வாகனத்தை விட்டுச் சற்று விலகிப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இறப்பர் இந்நாட்டு மரமல்ல. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுசென்ற விதைகள் முளைத்து, அதே ஆண்டில் கம்பஹாவுக்கருகே ஹெனரத்கொடைத் தாவரத் தோட்டத்தை வந்தடைந்தன. அந்த மரத்துக்கு இங்கே வேர் பிடித்தது. அதைக் காடாக வளர்த்த மனிதனுக்கோ வேர் பிடிக்கவிடவில்லை. 1948இன் குடியுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன்மாரை நாடற்றவர்களாக்கிற்று. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1952ஆம் ஆண்டு இறுதியில் இலங்கை சீனத்தோடு இறப்பர்–அரிசி ஒப்பந்தம் செய்துகொண்டது. இறப்பரைக் கொடுத்து அரிசியை வாங்கி நாட்டின் பசி ஆற்றப்பட்டது. அந்த இறப்பருக்கான பாலை வெட்டிக் கொடுத்தவர்களில் பெரும் பகுதியினர் அதே 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் வாக்களிக்க முடியாதவர்கள். 1964இல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பங்கிட்டார்கள். எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். என் பெரியப்பா அங்கே போனார். அப்பா இங்கே நின்றார். 2003ஆம் ஆண்டுச் சட்டம் வந்துதான் எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலை முடிவுக்கு வந்தது.

இவையெல்லாம் மாறியது மெய். வாக்குச்சீட்டு வந்தது, பள்ளிகளை அரசு ஏற்றது, என்னைப் போன்றவர்கள் ஆசிரியரானோம். 2021இல் நாட்கூலி 1000 ரூபாயாகவும், 2024 செப்டம்பரில் 1350 ரூபாயாகவும் உயர்ந்தது. இவற்றுள் எதுவும் தானாக வந்ததல்ல, போராடிப் பெற்றது. ஆயினும் லயத்தின் கூரைக்குப் புதுத்தகரம் போட்டு அடியிலுள்ள சுவரை அப்படியே விடும்போதும், தேர்தலுக்குத் தேர்தல் பாதையின் முகப்பில் நூறு அடி ‘காபட்’ விரித்துவிட்டு மேலே கற்களை அப்படியே விடும்போதும், பாஸ் சொன்ன சொல் எனக்கு நினைவுக்கு வருகின்றது. அழகான மேற்புறம் சும்மா இருப்பதில்லை. அடியிலுள்ள ஈரத்தைக் காத்துக்கொண்டு இருக்கின்றது.

இனி வாகனத்துக்கு வருவோம். பாஸ் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, நல்ல தகடு வரும் வரையில் அழுகியதை வெட்டி எறிந்தார். “பாதித் துருவின் மேல் ஒட்டுப் போடக்கூடாது; ஒட்டு நிற்கும், துருவும் நிற்கும்” என்பது அவர் விதி. டீசல் குழாயையும் மின்கம்பிகளையும் விலக்கி வைத்துவிட்டுப் புதுத்தகட்டை வைத்து ஒட்டினார். மூட்டுகளுக்குப் பசையும், மேலும் கீழும் துருத்தடுப்புப் பூச்சும் இட்டார். கண்ணாடிக்குப் புது இறப்பர் பொருத்தி, கதவடித் துளைகளைக் கம்பியால் குத்தித் திறந்தார். பிறகு சோதனை: நான் குழாயால் கண்ணாடியின் மேல் தண்ணீர் பாய்ச்ச, தங்கை மகள் மின்சூள் பிடித்துக்கொண்டு உள்ளே குந்தியிருந்தாள். “மாமா, இந்த மூலையில வருது!” என்று இரண்டு முறை கூவினாள். மூன்றாம் முறை கூவவில்லை.

மேலே என்ன விரிப்பது என்பதில்தான் சண்டை மூண்டது.

“ஒன்றும் வேண்டாம்; வெறுந்தகடே நல்லது. அல்லது மலிவான கித்தான் ஒன்றை விரித்தால் போதும்” என்று நான் சொன்னேன். எளிமை பற்றியும் ஆடம்பரம் பற்றியும் ஏதோ பேசினேன் என்றும் நினைவு. தங்கை பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

“அண்ணே, நீங்க படிச்சவங்க, பேசுவீங்க. தொர இருந்தப்ப அதுக்குச் செகப்பு விரிப்பு இருந்திச்சி. எங்க கைக்கு வந்தா மட்டும் சாக்கும் கித்தானுமா? ஒம்பது வருசம் அடுத்தவங்க வீட்டு விரிப்பத் தூசு தட்டினவ நான். எனக்கு ஒண்ணு வேணும்னு ஆச இருக்கக் கூடாதா?”

நான் வாயடைத்துப் போனேன். ஏழைக்காகப் பேசுகின்றவர்கள் ஏழையிடம் எளிமையை எதிர்பார்ப்பதில் ஓர் அநியாயம் இருக்கின்றது. அதை அவள் ஒரு வார்த்தையில் காட்டிவிட்டாள். அவள் கேட்டது ஆடம்பரமல்ல, கணக்குத் தீர்ப்பது.

பாஸ்தான் நடுவில் வந்தார். “மகளே, உன் ஆசை சரி. ஆனால் இந்த மழைக்கு அந்த விரிப்பு ஆகாது. உன் வண்டியில் நோயாளி ஏறுகின்றான். சேறும் வாந்தியும் குருதியும் விழும். கழுவக்கூடியதைப் போடு. மலிவானதைப் போடாதே, நல்லதைப் போடு” என்றார். அவிசாவளைக் கடையொன்றிலிருந்து தடித்த இறப்பர் விரிப்பு வாங்கினோம்; மேற்புறம் நுண்ணிய வரிகள் ஓடியது. விலையைக் கணக்குப் பார்த்தேன்: ஒரு பால்வெட்டியின் ஏழு நாட்கூலி. லயத்துக்காரர்கள் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். அந்தக் கர்ப்பிணிப் பெண்ணின் புருஷன் ஒரு நாட்கூலியை அப்படியே கொண்டுவந்து வைத்தான்.

பழைய விரிப்பைக் கழுவிக் காயவைத்து, அதையே அளவுக்கு வைத்துச் செய்தித்தாள்களில் வடிவம் வெட்டினோம். நடுமேட்டில் மடிய வேண்டிய இடத்தில் சிறு கீறல்கள். வெட்டிய இறப்பரை வெயிலில் போட்டு இளக்கி, உள்ளே படியவைத்து, திருகாணித் துளைகளைக் குத்தினோம். எங்கும் ஒட்டவில்லை, எப்போது வேண்டுமானாலும் தூக்கி அடியைப் பார்க்கும்படி நான்கு இடங்களில் மட்டும் பொருத்தினோம். மாதம் ஒருமுறை தூக்கிப் பார்ப்பது தங்கை மகளின் பொறுப்பு.

மிஞ்சிய ஒரு துண்டை அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். திண்ணையில் இருந்தவர் அதை வாங்கித் தடவினார், வளைத்தார், மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். கந்தகமும் கரியும் சேர்த்துச் சூட்டில் பதப்படுத்திய பண்டம் அது. 1839இல் அமெரிக்காவில் குட்இயர் என்பவர் அம்முறையைக் கண்ட பிறகுதான் வெயிலில் இளகிக் குளிரில் வெடிக்கும் பச்சை இறப்பர் உலகத்துக்குப் பயன்பட்டது. அந்தப் பதத்தில் பாலின் வாசம் மிஞ்சியிருக்க நியாயமில்லை. ஆனால் அப்பா சொன்னார்:

“நம்ம பாலு.”

சற்று நேரம் கழித்து, “இது எவ்வளவு வெல?” என்று கேட்டார். சொன்னேன். “நாங்க வித்த வெல தெரியும். வாங்குற வெல இப்பத்தான் தெரியுது” என்றார்.

மறுவாரம் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. வாகனம் வாசலில் நின்றது. கதவண்டை வந்ததும் அவர் வழக்கம்போல் நின்றார். வலது கால்விரல் செருப்பை நெகிழ்த்தத் தொடங்கிற்று. யாரும் பேசவில்லை. உள்ளே முதலிலேயே ஏறியிருந்த பேத்தி மட்டும் தன் சேற்றுச் சப்பாத்தைத் தூக்கிக் காட்டிச் சொன்னாள்: “தாத்தா, இது நம்ம ஆளுங்க மெதிக்கிறதுக்குத்தான். செருப்போட ஏறுங்க.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு நெகிழ்ந்த செருப்பை மறுபடியும் மாட்டிக்கொண்டு, கதவைப் பிடித்து, காலைத் தூக்கி உள்ளே வைத்தார். ஆசனத்தில் அமர்ந்த பின் குனிந்து, தன் செருப்பு பதித்த சேற்று அடையாளத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சான் அன்று முழுவதும் அதைத் துடைக்கவில்லை.